செம்பருத்தி வகையறா

மணி ஐந்தே முக்கால். பொம்மையார்பாளையம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தெரு. தெருவிளக்கு இன்னும் அணையவில்லை.

ஒரு காம்பவுண்டுச் சுவர். செடி சுவருக்கு உள்ளே. கிளை சுவருக்கு வெளியே.

கிளைக்குக் கீழே ஒரு பாட்டி. இடது கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. வலது கையில் மூங்கில் குச்சி. குச்சி நுனியில் குடைக்கம்பியை வளைத்துக் கட்டிய கொக்கி. கட்டிய நூல் பழசு. பழக்கமும் பழசு.

கொக்கி மாட்டுகிறது. கிளை தாழ்கிறது. அடுக்குச் செம்பருத்தி அல்ல; ஐந்து இதழ், நாட்டுச் சிவப்பு. பாதி விரிந்திருக்கிறது. காம்பைக் கிள்ளுவதில் சத்தமே இல்லை. விட்ட கிளை மேலே போகும்போதுதான் சலசலக்கிறது.

"யாரு?" உள்ளேயிருந்து ஒரு குரல்.

"நான்தாம்மா. சாமிக்கு."

"எங்க வீட்லயும் சாமி இருக்குது ஆயா."

"அதுக்குத்தான் ரெண்டு விட்டு வச்சிருக்கேன்."

உள்ளே பால் குக்கர் விசிலடிக்கிறது. பேச்சு அதோடு முடிகிறது. பாட்டி அடுத்த சுவருக்கு நகர்கிறாள். அங்கே வீட்டுக்காரர் கெட்டிக்காரர். முந்தின நாள் சாயங்காலமே மொட்டைப் பறித்துச் சொம்புத் தண்ணீரில் போட்டுவிட்டார். மொட்டு சொம்புக்குள்ளேயே விரிந்துகொண்டிருக்கிறது. பாட்டி கிளையை நிமிர்ந்து பார்க்கிறாள். ஜன்னலையும் பார்க்கிறாள். குச்சியைத் தோளில் சாத்திக்கொண்டு நடக்கிறாள்.

ஊரில் மயிலம் பொம்மபுர ஆதீனத்தின் மடம் இருக்கிறது. மயிலம் மலை முருகன் கோயிலின் நிர்வாகம் இந்த ஆதீனத்தின் கையில். மாசி மகத்தன்று அந்த முருகன் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். சாமிக்குப் பூ விற்கும் பூக்காரியின் கூடையில் சாமந்தி உண்டு, அரளி உண்டு, முழக்கணக்கில் கதம்பம் உண்டு. செம்பருத்தி மட்டும் இல்லை. கட்டினால் கசங்கும். மறுநாளைக்கு நிற்காது. விற்கத் தோதில்லாத பூ. அதனால்தான் அது எப்போதும் யாராவது ஒருவர் வீட்டுச் சுவரைத் தாண்டி வந்தே சாமிக்குப் போகிறது.

ஏழரை மணி. அதே தெரு. இப்போது சீருடைகள்.

எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர் நேற்று ஒன்று சொல்லியிருக்கிறார்: ஆளுக்கொரு செம்பருத்தி. வகுப்பில் எல்லோருக்கும் அது நினைவிருக்கிறது. வீட்டுப்பாடம் நினைவிருப்பதாகத் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் தெருவின் எல்லாச் செடிகளும் மொட்டை. சாமிக்காக விட்டுவைத்த இரண்டும் போயின. அந்த வீட்டுப் பெண் வாசலுக்கு வருகிறாள். கிளையைப் பார்க்கிறாள். தெருமுனைப் பக்கம் திரும்பி, பாட்டி போன திசையைப் பார்த்து முணுமுணுக்கிறாள்.

கடற்கரை. மணல் குறைவு, கருங்கல் அதிகம்.

புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980களின் கடைசியில் வந்தன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே நின்றது. வடக்கே உள்ள குப்பங்களின் கரை கரையத் தொடங்கியது. பிறகு லாரிகளில் கல் வந்தது. தூண்டில் வளைவு கேட்டு மனுக்கள் போயின. கல்லுக்கு மேலே, பாதி வேர் வெளியே தெரிய ஒரு பூவரசு நிற்கிறது.

மரத்தின் நிழலில் நான்கு ஃபைபர் படகுகள். நிழல் படகுக்கா ஆளுக்கா என்பது தீர்மானமாகவில்லை. ஒரு பெரியவர் படகின் விளிம்பில் சாய்ந்து வலை பின்னுகிறார். கால் கட்டைவிரலில் வலையின் ஓரம் மாட்டியிருக்கிறது. நைலான் வலை, கடல் பச்சை. அவருடைய அப்பா காலத்து வலை பருத்தி நூல். மரப்பட்டையைக் கொதிக்கவைத்த சாயத்தில் தோய்த்து, காயவைத்து, மறுபடி தோய்த்து வைத்த வலை. தோய்க்காவிட்டால் மக்கும். நைலானுக்கு அந்த வேலை இல்லை. அது மக்குவதும் இல்லை.

பக்கத்தில் எஞ்சின் பிரித்துக் கிடக்கிறது. மெக்கானிக் கையைத் துடைக்கிறார். துடைக்கிற துணி பனியன் வேஸ்ட். இளஞ்சிவப்பில் பாதி, மஞ்சளில் பாதி. வலையிலிருந்து விரட்டப்பட்ட பருத்தி திருப்பூர் வழியாகப் படகுக்குத் திரும்பியிருக்கிறது, கிரீஸ் துடைக்க.

பூவரசம்பூ எலுமிச்சை மஞ்சள். உள்ளே அடித்தொண்டையில் கருஞ்சிவப்பு. காலையில் இந்த நிறம். சாயங்காலத்துக்குள் செங்கல் நிறத்துக்கு மாறி, சுருண்டு, கீழே விழும். கீழே ஏற்கெனவே நேற்றைய பூக்கள் கிடக்கின்றன. நடுவே காய்கள். இந்தக் காய் வெடிப்பதில்லை, மிதக்கும். உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் உள்ளே விதை பிழைத்திருக்கும். அலை கொண்டுபோய் எந்தக் கரையில் போடுகிறதோ அந்தக் கரையில் முளைக்கும். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை தொடங்கி பசிபிக் தீவுகள் வரை இந்த மரம் நிற்பதற்கு அது ஒரு காரணம். ஊருக்குள் நிற்பதற்குக் காரணம் வேறு. வேலிக்குப் போத்து வெட்டி நட்டால் போதும், பிடித்துக்கொள்ளும்.

காய்களுக்கு இடையே பூச்சிகள். சிவப்பு முதுகு, கறுப்புப் பொட்டு. ஜோடி ஜோடியாகப் பின்பக்கம் ஒட்டியிருக்கின்றன. ஒன்று கடல் பக்கம் இழுக்கிறது. ஒன்று ஊர்ப் பக்கம் இழுக்கிறது. பலம் உள்ளது முன்னால் போகிறது. மற்றது பின்னால் நடந்தே போகிறது. பருத்திக்காட்டில் இதே பூச்சி பஞ்சைக் கறையாக்கும். அங்கே மருந்தடிப்பார்கள். இங்கே ஒரு சிறுவன் உட்கார்ந்து யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்கிறான். பார்த்துச் சலித்ததும் பூவரசம் இலையைப் பறிக்கிறான். நரம்பைக் கிள்ளிச் சுருட்டுகிறான். ஒரு முனையைப் பல்லால் நசுக்குகிறான். ஊதுகிறான். பீப்பி சத்தம் மெக்கானிக்குக்குப் பிடிக்கவில்லை.

"டேய், ஸ்கூலுக்குப் போகல?"

சிறுவன் பதில் சொல்கிறான், பீப்பியில்.

பள்ளிக்கூடம். அறிவியல் வகுப்பு. பெஞ்சுகளின் மேல் நாற்பது செம்பருத்திகள். பாதி பிளேடுகள் அப்பாவின் சவரப் பெட்டியிலிருந்து வந்தவை.

"நேர் பாதியா வெட்டணும். அவசரப்படக் கூடாது."

எல்லோரும் அவசரப்படுகிறார்கள். இதழ்கள் ஐந்து, ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி முறுக்கியிருக்கின்றன. நடுவில் ஒரு குழல். குழலின் மேல்பாதியில் மகரந்தத்தாள்கள் மஞ்சள் பொட்டுகளாக நிற்கின்றன. அவை எத்தனை இருந்தாலும் அடியில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே குழல். டீச்சர் கரும்பலகையில் எழுதுகிறார்: ஒருகற்றை. குழலுக்குள் நூலாகப் போகும் சூல்தண்டு உச்சியில் ஐந்தாகப் பிரிகிறது. ஐந்து முனையிலும் சிவப்பு வெல்வெட் புள்ளி. இந்தக் குழலைப் பார்த்தால் குடும்பத்தைச் சொல்லிவிடலாம் என்கிறார் டீச்சர்.

கடைசி பெஞ்சில் வேறு ஆராய்ச்சி. ஒருவன் இதழைக் கசக்கி வெள்ளை நோட்டில் தேய்க்கிறான். ஊதா. எலுமிச்சைத் துண்டைப் பிழிகிறான். ரோஜா நிறம். சோப்புத் தண்ணீர் விடுகிறான். பச்சை. அமிலம், காரம் இரண்டும் பாடத்தில் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இன்னொருவன் இதழை ஷூவில் தேய்க்கிறான். ஷூ பளபளக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இதற்கு ஷூ ஃப்ளவர் என்றொரு பெயர் உண்டு.

"குடும்பம்?"

"மால்வேசி, டீச்சர்!" ஒரே குரல்.

"எடுத்துக்காட்டு?"

"பருத்தி. வெண்டை."

"இன்னும்?"

அமைதி. விரல்களில் கொழகொழப்பு ஒட்டியிருக்கிறது. சிலர் சட்டையில் துடைக்கிறார்கள். அதே கொழகொழப்புதான் வெண்டைக்காய்ப் பொரியலில் அம்மாவைத் திட்டவைப்பது, தலைக்குத் தேய்க்கும் செம்பருத்தி இலையில் நுரையாக வருவது. யாரும் அதைச் சொல்வதில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு பூவரசு, முழுக்கப் பூத்து, கிளையை வகுப்புக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பெண் அதைப் பார்க்கிறாள். கையைத் தூக்கப் பார்க்கிறாள். மணி அடிக்கிறது. சத்துணவு.

பகல் பன்னிரண்டரை. கிழக்குக் கடற்கரைச் சாலை. கர்நாடகப் பதிவு எண் கார் ஒன்று ஒரு காஃபி ஷாப் வாசலில் நிற்கிறது. வாசலில் சாக்பீஸ் பலகை. முதல் வரி: ஹைபிஸ்கஸ் ஐஸ் டீ. விலை மூன்று இலக்கம்.

கண்ணாடிக் குவளையில் மாணிக்கச் சிவப்பு. இந்தச் சிவப்பு பூவிதழ் தருவதல்ல. பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடிக்கும் புல்லிவட்டத்தின் நிறம். செடி புளிச்சக்கீரை இனம். சூடானிலும் எகிப்திலும் விருந்தாளிக்குக் கொடுக்கும் பானம். இங்கே வந்திருப்பது பாக்கெட்டில்.

"புளிக்குதே," என்கிறான் கார்க்காரன்.

"சுகர் சிரப் தரட்டா சார்?" பரிமாறுகிறவன் உள்ளூர்ப் பையன். அவன் வீட்டு அடுப்பில் காலையில் தாளித்ததும் புளிச்சக்கீரைத் துவையல். அதற்கு யாரும் சிரப் கேட்பதில்லை.

அடுத்து ஹாட் சாக்லெட். மேலே இரண்டு மார்ஷ்மெல்லோ மிதக்கிறது. இந்தக் கோப்பையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கோக்கோ மரம் செம்பருத்தி குடும்பம். தண்டிலிருந்தே பூக்கும், தண்டிலேயே காய்க்கும். ஆனாலும் குடும்பம் அதுதான். மார்ஷ்மெல்லோவோ பெயரிலேயே துத்தியின் உறவு என்று எழுதிக்கொண்டிருப்பது. ஒரு காலத்தில் பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் சதுப்பு நிலத்து மால்லோ செடியின் வேர்ச்சாற்றைச் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்த்து அடித்துச் செய்தார்கள். இன்றைக்கு அதில் ஜெலட்டின், சர்க்கரை, காற்று. பெயர் சொல்லாத கோக்கோ சொந்தக்காரன். பெயர் வைத்துக்கொண்டு மிதப்பது அந்நியன்.

கடைக்குப் பின்புறம் கட்டட இடிபாடு. அதில் துத்தி தழைத்திருக்கிறது. இலை இதய வடிவம், தொட்டால் வெல்வெட். மஞ்சள் பூ சாயங்காலம்தான் திறக்கும். காய் ஒரு சின்னப் பல்சக்கரம். பிள்ளைகள் அதை மையில் ஒற்றி நோட்டில் முத்திரை குத்துகிறார்கள்.

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வருகிறார். இடப்பக்கம் பார்க்கிறார். வலப்பக்கம் பார்க்கிறார். குனிந்து இலை பறிக்கிறார். நாலு கை. வேட்டி மடிப்பில் சொருகுகிறார். சாலையில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது.

"என்னண்ணே, துத்தியா?"

"ஆமாப்பா. வீட்ல கூட்டு வைக்கணும்னாங்க."

"கூட்டு நல்லா இருக்கும்."

"நல்லா இருக்கும்."

ஸ்கூட்டர்காரர் ஒரு நிமிஷம் நிற்கிறார். "விளக்கெண்ணெய்ல வதக்கிக் கட்டினாக்கூட கேட்கும்ணே," என்கிறார் மெதுவாக. வேட்டிக்காரர் இலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறார். மூலம் என்ற சொல்லை இரண்டு பேரும் உச்சரிக்கவில்லை. துத்திக்குப் பக்கத்திலேயே அரிவாள்மனைப் பூண்டு முழங்கால் உயரம் நிற்கிறது. வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வைக்கிற இலை. அதன் மேல் ஸ்கூட்டர் ஸ்டாண்டு.

சாலைக்கு மேற்கே மேடு. மண் சிவப்பு. ஆரோவில்.

1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் போட்டு இந்த நகரத்தைத் தொடங்கினார்கள். அன்றைய படங்களில் மரம் என்று சொல்ல அதிகம் இல்லை. இன்றைக்கு வெயில் தரையில் விழ இடம் தேடுகிறது. நடுவில் மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபம். அதைச் சுற்றி 12 தோட்டங்கள். ஆனந்தம், ஒளி, உயிர், ஆற்றல், செல்வம், இளமை என்று தோட்டங்களுக்குப் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பருத்தியை ஆரோவிலின் நிறுவனர் அன்னை மிர்ரா அல்ஃபசா குறித்துக் கொடுத்திருக்கிறார். நூற்றுக்கணக்கான பூக்களுக்கு அவர் பொருள் சொன்னார். மற்ற பூக்களுக்கு இல்லாத இடம் இங்கே செம்பருத்திக்கு. தட்டு அகலத்தில் விரிகிறது. ஆரஞ்சு, வெண்மை, மஞ்சளில் சிவப்புக் கண்.

அத்தனை அகலத்துக்கும் ஆயுள் ஒரு நாள்தான். சில வகைக்கு இரண்டு.

ஒரு தோட்டத்து மதில் ஓரம். தொப்பி போட்ட வெளிநாட்டுப் பெண் ஒருத்தி ஒரு பூவை மூன்று கோணத்தில் படம் எடுக்கிறாள். அவள் பின்னால் தோட்ட வேலைக்கு வந்த பெண் நிற்கிறாள். கையில் கத்தரி. படம் முடியட்டும் என்று நிற்கிறாள். நாலாவது கோணம். ஐந்தாவது. முடிந்ததும் கிளையை நறுக்குகிறாள், கவாத்து நாள். நறுக்கியதில் ஒரு குச்சியைத் தேர்ந்தெடுக்கிறாள். ஈரத் துணியில் சுற்றுகிறாள். சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் வைக்கிறாள். தொப்பிக்காரி பூவின் பெயரைக் கேட்கிறாள். வேலைக்காரப் பெண் செம்பருத்தி என்கிறாள். தொப்பிக்காரிக்கு அது போதவில்லை.

தெற்கே புதுச்சேரி, செயின்ட் லூயி தெரு. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஒரு உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. காகிதத்தில் ஒட்டிய கிளை, நிறம் போன பூ, மூலையில் ஒரு சீட்டு. இத்தகைய தாள்களை வைத்துத்தான் யார் யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்துவந்தார்கள். லின்னேயஸ் செம்பருத்திக்கு ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ் என்று பெயர் வைத்தது 1753இல். ஜூசியூ மால்வேசி குடும்பத்தை வகுத்தது 1789இல். பழைய தாவரவியல் நூல்களில் இலவு தனிக்குடும்பம். கோக்கோவும் வலம்புரிக்காயும் தனிக்குடித்தனம். சணல் வேறு வீடு. டிஎன்ஏ பார்க்கத் தொடங்கியதும், 1998 தொட்டு, நாலு வீட்டையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தார்கள். இப்போது 4,000 இனங்களுக்கும் மேல். துரியன் பழம் உள்ளே. ஆப்பிரிக்காவின் பெருக்க மரம் உள்ளே. 1960இல் மலாயாவின் (இன்றைய மலேசியா) தேசிய மலரான செம்பருத்தி எப்போதுமே உள்ளே. இலவு இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. அது பங்குனி சித்திரையில் காய் வெடிக்கிறது, பஞ்சு பறக்கிறது.

பஞ்சு பறக்காத இடம் ஒன்று உண்டு. ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், புதுச்சேரி. 1898இல் வந்த ஆலை 2020இல் மூடப்பட்டது. அதே ஊரின் சவானா ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்ட காலத்தில், 1936 ஜூலை 30 அன்று, துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று அவர்களுக்கு மாலைகள் வருகின்றன. சாமந்தி மாலை, ரோஜா மாலை.

மூன்று மணி. பொம்மையார்பாளையத்துக்குள் ஒரு குட்டியானை வண்டி நுழைகிறது. வண்டி மேல் தலையணைக் குன்று. ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல்: இலவம்பஞ்சு மெத்தை, ஒரிஜினல் போடி பஞ்சு, உடம்புக்குக் குளிர்ச்சி. தெரு தூங்குகிறது. குரல் நான்கு முறை சுற்றுகிறது.

ஒரு வீட்டுக் கதவு திறக்கிறது. ஒரு அம்மா வருகிறாள். தலையணையை அமுக்கிப் பார்க்கிறாள். காதோடு வைத்துக் குலுக்குகிறாள்.

"விதை இருக்குதே?"

"ஒரு விதை இருந்தா வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போறேங்க."

அவள் தையல் ஓரத்தைப் பிரித்து விரலை விடுகிறாள். விரலோடு பஞ்சு வருகிறது, ஒரு கறுப்பு விதையும் வருகிறது. விதையை உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறாள். டிரைவர் விதையைப் பார்க்கிறார். வண்டியைப் பார்க்கிறார். "அது ஒரிஜினல்னு தெரியறதுக்கு, அம்மா," என்கிறார். அவள் உள்ளே போய்விடுகிறாள். கதவைச் சாத்துகிறாள். டிரைவர் காத்திருக்கிறார். இலவு காத்த கிளிக்கு ஸ்டியரிங் முளைத்திருக்கிறது.

ஐந்து மணி. காய்கறித் தள்ளுவண்டி. தக்காளி, முருங்கை, புளிச்சக்கீரைக் கட்டு. நடுவில் வெண்டைக்காய்க் குவியல். குவியலைச் சுற்றிப் பெண்கள்.

ஒவ்வொரு கையிலும் ஒரே வேலை. காயை எடு. கட்டைவிரலை நுனியில் வை. ஒடி. டக்கென்று ஒடிந்தால் பைக்குள். வளைந்தால் குவியலுக்கு. நார் ஓடிய முத்தல் காய்க்கு நுனி போவதில்லை, பிஞ்சுக்குத்தான் போகிறது. பிஞ்சானாலும் பைக்குள் போவதில்லை, இன்னொரு பிஞ்சு நீளமாக இருந்தால்.

"ஒடிக்காத யக்கா. காலைலதான் பறிச்சது."

டக்.

"எல்லாம் பிஞ்சுதான் யக்கா, நம்பி எடு."

டக். டக். வண்டிச் சட்டத்தின் கீழே நுனிகள் உதிர்கின்றன. ஒரு ஆடு கழுத்தை நீட்டி ஒவ்வொன்றாக எடுக்கிறது. அதற்குப் பிஞ்சு முத்தல் பார்க்கும் அவசியமில்லை. பிஞ்சு மட்டும்தான் அங்கே விழுகிறது.

வண்டிக்காரர் ஒரு காயை எடுத்துத் திருப்பிக் காட்டுகிறார். "தேமல் விழுந்து பாதிச் செடி போச்சு. வெள்ளை ஈ. இலையெல்லாம் மஞ்சளா நரம்பு தெரியுது. மிச்சம் பறிச்சதே இவ்வளவுதான்." ஒருத்தி கேட்டுக்கொண்டே ஒடிக்கிறாள்.

கூட்டம் கலைகிறது. கடைசியாக ஒரு பெண் வருகிறாள். இடுப்பில் குழந்தை. குவியலில் மிச்சம் இருக்கும் பிஞ்சுக்கெல்லாம் நுனி இல்லை. அவள் கை பழக்கத்தில் நுனியைத் தேடுகிறது. இல்லாததால் காம்புப் பக்கம் அமுக்கிப் பார்க்கிறது.

"அரைக் கிலோ போடு. ஒடைஞ்சது, விலையைக் குறைச்சுக்கோ."

"ஒடைச்சது நீங்கதானே யக்கா?"

"நான் இப்பதான் வர்றேன்."

"அப்ப யாரு ஒடைச்சா?"

"அதை ஒடைச்சவங்ககிட்ட கேளு. எனக்கு முப்பது ரூபாய்க்கு மேல கிடையாது."

வண்டிக்காரர் தராசுத் தட்டைத் தூக்குகிறார். முள் நடுவில் வரும் முன்பே இன்னும் மூன்று காயை அவளே எடுத்துத் தட்டில் போடுகிறாள்.